அலுமாரிக்குப் பின்னால் ஒரு சுவர்

தண்ணீரூற்று, முள்ளியவளை
07.01.2024

அன்பு மருமகள் பஸ்னாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நான் நலம். என்னுடைய நலத்தைப் பார்த்து இந்தப் பக்கத்து டொக்டர்மார் தங்கள் வேலை போய்விடுமோ என்று கலங்கிப்போயிருக்கிறார்கள். உன் சுகம் எப்படி? என் தங்கச்சி ஜொஹறாவின் மூச்சிழுப்பு இந்த மழைக்கு அடங்கியதா, கூடியதா?

வெள்ளிக்கிழமை நீ போனில் இருபது நிமிடம் கதைத்தாய். நானும் இருபது நிமிடம் "ஓம், ஓம்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். என் வலது காது பன்னிரண்டு வருடமாக லீவில் நிற்பது உனக்குத் தெரியும். இடது காது பகுதி நேர வேலைதான் பார்க்கிறது. போனோ கிணற்றுக்குள் விழுந்து எழும்பிய போன். அதற்குள்ளிருந்து ஆயிரம் தவளை ஒரே நேரத்தில் குர்ஆன் மத்ரஸாப் பாடம் ஒப்புவித்தது. அதற்கு நடுவே எனக்குத் தெளிவாகக் கேட்டது மூன்று சொற்கள்: வீடு, கடல், உம்மா.

இந்த மூன்றையும் இரவு முழுக்க அடுக்கி அடுக்கிப் பார்த்தேன். ஒரு வகையில் அடுக்கினால் உங்கள் வீடு கடலுக்குள் போய்விட்டது, உம்மா கரையில் நின்று அழுகிறாள். இன்னொரு வகையில் அடுக்கினால் நீ உம்மாவுக்காகக் கடற்கரையில் வீடு வாங்கப் போகிறாய். முதலாவது என்றால் உடனே தந்தி அடி. இரண்டாவது என்றால் ஆறுதலாக ஒரு கடிதம் எழுது. கண் இரண்டும் முழு நேர வேலையில்தான் இருக்கின்றன.

இப்படிக்கு,
வன்னிப் பெருநிலத்து மேசன்மாருக்கெல்லாம் மன்னன்,
உன் மாமா மஸாஹிர்


புத்தளம்
15.01.2024

அன்புள்ள மாமாவுக்கு,

வஅலைக்கும் ஸலாம். நான் சுகம். உம்மாவுக்கு மார்கழி முழுக்க இழுப்புத்தான். பம்ப் இல்லாமல் படுக்கமாட்டா. இப்போது கொஞ்சம் பரவாயில்லை. தந்தி அடிக்கும் வசதியை நாட்டில் நிறுத்திவிட்டார்கள் மாமா. நல்லவேளை இரண்டாவதுதான்.

எனக்கு முல்லைத்தீவுக்கு இடமாற்றம் கிடைத்திருக்கிறது. மே மாதம் அங்கே பள்ளிக்கூடத்தில் கடமையைப் பொறுப்பெடுக்கவேண்டும். சிலாவத்தையில் அமராவதி டீச்சரின் பழைய வீடு விலைக்கு வருகிறதாம். அவா கனகராயன்குளத்தில் இருக்கும் மகள் கஜனியோடு போய் இருக்கப் போகிறா. ஏப்ரலுக்குள் முடிவு சொல்லச் சொல்லிக் கேட்டிருக்கிறா. படத்தில் பார்த்தேன். கடலில் எடுத்த முருகைக்கல் சுவர், ஓட்டுக் கூரை, ஐந்து அறை. உம்மா படத்தைத் தலையணைக்குக் கீழே வைத்திருக்கிறா.

இங்கே இருக்கும் காணியை விற்றுத்தான் அதை வாங்கமுடியும். வாங்கியபிறகு வீடு சரியில்லை என்றால் திரும்பிப் போக எங்களுக்கு வேறு இடமில்லை. அதனால் உங்களிடம் கேட்கிறேன். நாற்பது வருட மேசன் நீங்கள். அத்திவாரம், சுவர், கூரை, கதவு நிலை, கிணறு எல்லாவற்றையும் தட்டிப் பார்த்து, தடவிப் பார்த்து எனக்கு ஒரு அறிக்கை எழுதி அனுப்புங்கள். நான் வேறு ஆளை வைத்துப் பார்க்கமாட்டேன். நீங்கள் சொன்னால் வாங்குவேன். வேண்டாம் என்றால் விட்டுவிடுவேன்.

ஒரு விஷயம். உங்கள் எண்ணிக்கைகளைப் பத்தால் பிரித்து வாசிக்கவேண்டும் என்று சின்ன வயதில் உம்மா சொல்லித் தந்தது. நான் கணித டீச்சர் ஆனதுக்கே அதுதான் காரணம். பத்தால் பிரித்து எழுதினால் எனக்கு வேலை மிச்சம்.

பஸ்னா


தண்ணீரூற்று
28.01.2024

பிரித்தல் கணக்கின் பேரரசி பஸ்னாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். சுகத்தோடு இந்தக் கடிதத்தை வாசி. உம்மாவுக்கும் வாசித்துக் காட்டு. சிரிப்பு வரும் இடத்தில் பம்பைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளச் சொல்.

செவ்வாய்க்கிழமை காலை தூக்குக்குண்டு, சுத்தியல், உளி, அளவு நாடா, சுவரில் தட்டிப் பார்க்க ஒரு ஐந்து ரூபாய் நாணயக் குற்றி ஆகிய ஆயுதங்களோடு சைக்கிளில் புறப்பட்டேன். சிலாவத்தைச் சந்தியில் சனம் இரண்டு பக்கமும் நின்று வழிவிட்டது. பின்னால் ஒரு லொறி வந்ததும் அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம்.

வீட்டைச் சொல்கிறேன், கேள். அத்திவாரம் மலை. சுவரின் அகலம் ஒன்றே முக்கால் அடி. அதற்குள்ளே உங்கள் ஆசிரியர் சங்கக் கூட்டத்தையே நடத்தி எல்லோருக்கும் தேநீரும் கொடுக்கலாம். சுனாமி அன்று அலை மூன்றாம் படிவரை வந்து, அந்தச் சுவரை அண்ணாந்து பார்த்து, "மன்னிக்கவும், வீடு மாறி வந்துவிட்டேன்" என்று திரும்பிப் போனதாம். டீச்சர் சொன்னதில் அலையும் மூன்றாம் படியும் உண்மை. வடக்குச் சுவரின் வெளிப்பக்கம் ஷெல் துண்டு பட்ட காயம் பதினெட்டு. இதைப் பிரிக்காதே, பதினெட்டேதான். எல்லாம் மேல்காயம்.

தூக்குக்குண்டைத் தொங்கவிட்டேன். இந்த வயதிலும் அந்தச் சுவர் நூலுக்கு ஒட்டி நிற்கிறது. நான் இந்த வயதில் அப்படி நிற்பதில்லை. கூரையில் ஏறினேன். ஓட்டைத் தாங்கும் பனஞ்சிலாகைகள் இரும்பு மாதிரி. ஓடு நானூற்றுப் பத்து உடைந்திருக்கிறது. வௌவால்கள் முகட்டில் பிரதேச சபை நடத்துகின்றன. நான் போன நேரம் அமர்வு. தலைகீழாக நின்று என்னை விசாரித்தார்கள். கீழே நின்று டீச்சர் சத்தம் போட்டா: "மஸாஹிர் அண்ணை, இறங்குங்கோ. நீங்கள் விழுந்தால் வீட்டு விலையில கழிக்கமாட்டன்."

மேற்கு வாசல் நிலையைக் கறையான் சாப்பிட்டுவிட்டு ஏப்பம் விடுகிறது. அந்த ஏப்பம் என் இடது காதுக்கே கேட்டது. நிலையை மாற்றவேண்டும். குசினிப் புகைக்கூண்டு இடிந்திருக்கிறது, நான் இரண்டு நாளில் கட்டித் தருவேன். கிணற்றுத் தண்ணீர் கடலுக்கு இவ்வளவு கிட்ட இருந்தும் உப்பில்லை. ஒரு வாளி குடித்தேன். பிரித்தால் ஒரு கோப்பை வரும்.

முடிவாக: வாங்கு. நாலு அறையும் நாலு ராஜாங்கம். எனக்கு இங்கே அரண்மனை ஒன்று இல்லாவிட்டால் நானே வாங்கியிருப்பேன். ஆனால் ஒவ்வொரு பின்னேரமும் தேநீருக்கு வந்து முற்றத்தில் குவியும் நூறு பேரை நடுவழியில் விட்டுவிட்டு எங்கே போவது?

இப்படிக்கு,
வீடுகளின் வைத்தியர், சுவர்களின் சட்டத்தரணி,
மஸாஹிர் மாமா


புத்தளம்
06.02.2024

அன்புள்ள மாமாவுக்கு,

ஸலாம். இங்கே இரண்டு பேரும் சுகம். உங்கள் காதுக்கு எண்ணெய் விடவேண்டாம் என்று உம்மா சொல்லச் சொன்னா.

அறிக்கையை உம்மாவுக்கு வாசித்தேன். கறையானின் ஏப்பத்தில் சிரித்து இழுப்பு வந்து பம்ப் அடித்துவிட்டு, "இன்னொருக்கா வாசி" என்றா. உடைந்த ஓடு நாற்பத்தொன்று என்று எழுதிக்கொண்டேன். மேற்கு நிலை, புகைக்கூண்டு, இரண்டையும் குறித்துக்கொண்டேன்.

ஆனால் மாமா, அது ஐந்து அறை வீடு. நாலு ராஜாங்கம் என்று எழுதியிருக்கிறீர்கள். வௌவாலுக்கும் கறையானுக்கும்கூட இடம் கொடுத்திருக்கிறீர்கள். கடல் பக்கத்துக் கிழக்கு அறையைப்பற்றி ஒரு சொல்லும் இல்லை. ஏன்? அங்கே என்ன இருக்கிறது? வௌவால்களின் சபாநாயகரா?

பஸ்னா


தண்ணீரூற்று
17.02.2024

அன்பு மருமகளுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். சுகமா? இங்கே வெயில் தொடங்கிவிட்டது. முந்தநாள் என் முற்றத்தில் ஒரு கோழி நடந்துபோகும்போதே பொரியலாகிவிட்டது. நான் அதை ஒரு கை சோற்றோடு வழியனுப்பி வைத்தேன்.

வௌவால் சபைக்குத் தேர்தல் நடந்து முடிந்திருக்கிறது. பழைய தலைவரே வென்றார். ஓட்டுக்கு அவ்வளவு பஞ்சமில்லை, உடைந்தது நாற்பத்தொன்றுதானே. என் அரண்மனையில் தேநீர்க் கூட்டம் கூடிக்கொண்டே போகிறது. நேற்றுக் கோப்பை போதாமல் சிரட்டையில் ஊற்றிக் கொடுத்தேன். உன் பள்ளிக்கூட அதிபர் நல்ல மனிசன் என்று விசாரித்து வைத்திருக்கிறேன். சந்தையில் மீன் மலிவு. திருக்கை ஒன்று மூன்று பேர் படுக்கும் பாய் அளவில் வந்தது.

கிழக்கு அறை நல்லது. அங்கே ஒரு அலுமாரி நிற்கிறது.

தபால்காரர் வந்துவிட்டார். மிச்சம் பிறகு.

மஸாஹிர் மாமா


புத்தளம்
26.02.2024

அன்புள்ள மாமாவுக்கு,

ஸலாம். உங்கள் சுகத்துக்கு துஆக் கேட்கிறோம். நோன்பு வரப்போகிறது. இந்த முறை பெருநாளுக்கும் வழக்கம்போல நீங்கள் இங்கே வருவீர்கள்தானே என்று உம்மா கேட்கிறா.

கோழிக்கும் வௌவாலுக்கும் திருக்கைக்கும் ஒரு பக்கம். கிழக்கு அறைக்கு இரண்டு வசனம். அதையும் பத்தால் பிரித்தால் எனக்கு ஒன்றும் மிஞ்சவில்லை.

விஷயம் இதுதான். உம்மா தன் கட்டில் எந்த அறையில் என்று முடிவெடுத்துவிட்டா. கிழக்கு அறை. கடல் காற்று மூச்சுக்கு நல்லதாம். காலையில் யன்னலைத் திறந்துவிட்டால் பம்பே தேவைப்படாதாம். காணியை வாங்க ஆள் வந்துவிட்டது, அவர்களும் அவசரப்படுகிறார்கள்.

எனவே எனக்கு ஒரே ஒரு வரி வேண்டும். "ஜொஹறா இந்த அறையில் படுக்கலாம்" என்று உங்கள் கையால் எழுதி அனுப்புங்கள். அதைக் கண்ட அன்றே டீச்சருக்கு முற்பணம் அனுப்புகிறேன். வேறு ஒன்றும் எழுதவேண்டாம். கோழியையும் விட்டுவிடலாம்.

பஸ்னா


புத்தளம்
20.03.2024

மாமா,

ஸலாம். நோன்பு ஒன்பது போய்விட்டது. உங்களிடமிருந்து பதில் இல்லை. கடிதம் தொலைந்ததோ என்று தபாலகத்தில் கேட்டேன், இல்லை. உங்கள் போனுக்கு அடித்தால் தவளைகூடக் கத்தவில்லை.

சுகமில்லையோ என்று பயந்து உங்கள் வீட்டுக்குப் பக்கத்து அஸ்வர் கடைக்குப் போன் எடுத்துக் கேட்டேன். நீங்கள் சுகமாம். ஒவ்வொரு நாளும் சஹர் முடிந்ததும் உளியும் சுத்தியலும் எடுத்துக்கொண்டு சிலாவத்தைப் பக்கம் போகிறீர்களாம். பின்னேரம் நோன்பு திறக்க மூன்று பேரீச்சம்பழம் வாங்கிக்கொண்டு, யாரோடும் கதைக்காமல் வீட்டுக்குப் போகிறீர்களாம். "அவர் தனிய இருக்கிற மனிசன் தானே தங்கச்சி, ஆர் தேடப்போகினம்" என்றார் அஸ்வர்.

உங்கள் முற்றத்து நூறு பேரும் எங்கே மாமா?

காணி வாங்குபவர்கள் மாதக் கடைசி வரை பொறுப்பார்கள். நீங்கள் ஓம் என்றாலும் இல்லை என்றாலும் எழுதுங்கள். எழுதாமல் மட்டும் இருக்கவேண்டாம்.

பஸ்னா


தண்ணீரூற்று
25.03.2024

அன்பு பஸ்னாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. ஜொஹறாவுக்கு நோன்போடு மூச்சு எப்படி இருக்கிறது?

நீ கேட்ட அந்த ஒரு வரியை எழுதப் பேனா எடுத்தேன். ஏழு நாள், ஏழு தரம். இந்த எண்ணிக்கையைப் பிரிக்காதே. நோன்பு வாயோடு அதை எழுத என்னால் முடியவில்லை. கூட்டிச் சொல்வதை நான் ஒருநாளும் பொய்யாக நினைத்ததில்லை. கேட்பவருக்கும் அது கூட்டியது என்று தெரியும். இது வேறு.

முதல் நாளே எனக்குத் தெரியும். கிழக்கு அறைக்குள் போனேன். சுவரை ஒட்டி ஒரு பெரிய அலுமாரி நின்றது. அதன் காலடியில், சீமெந்து நிலத்தில், வெள்ளைப் பொடி. விரலில் தொட்டு நாக்கில் வைத்தேன். உப்பு. அந்தச் சுவருக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று ஒரு மேசனுக்குத் தெரிய அதற்குமேல் ஒன்றும் தேவையில்லை. நான் அலுமாரியை நகர்த்தாமல் வெளியே வந்து, உனக்கு நாலு அறையைப்பற்றி எழுதினேன்.

அந்தச் சுவரைப் பூசியவன் நான். 2011இல், இடம்பெயர்ந்து புத்தளத்தில் இருந்துவிட்டு இங்கே திரும்பி வந்த புதிதில். டீச்சரும் அகதி முகாமிலிருந்து அப்போதுதான் வந்திருந்தா. கிழக்கு அறையின் பழைய சுண்ணாம்புப் பூச்சு அங்கங்கே கழன்றிருந்தது. ஊரெல்லாம் போருக்குப் பிறகு வந்த வீட்டுத் திட்டத்துச் சீமெந்து. நான் நினைத்தேன், சுண்ணாம்பு கிழவன், சீமெந்து இளந்தாரி. நாலு சுவரையும் உரித்து, சீமெந்தால் பூசி, தேய்த்து, முகம் பார்க்கும் அளவுக்கு மினுக்கினேன். நான் செய்த வேலைகளில் அதைப்போல ஒன்று இல்லை. முதல் சில வருடம் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் உள்ளே போய் ஒருக்கால் தடவிப் பார்த்துவிட்டு வருவேன்.

முருகைக்கல்லும் சுண்ணாம்பும் மூச்சு விடும் சுவர் பஸ்னா. கடல் தரும் ஈரத்தை வாங்கும், வெயிலில் திருப்பி விடும். நூறு வருடம் அப்படி இருந்த சுவரின் வாயையும் மூக்கையும் நான் பொத்திவிட்டேன். ஈரம் வெளியே வர வழியில்லாமல் உள்ளே நின்று, உப்பாகி, சுவரைத் தின்கிறது.

உன் கடிதம் வந்த பிறகு ஒருநாள் டீச்சரிடம் போய், அலுமாரியை நகர்த்தவேண்டும் என்றேன். "வேண்டாம் அண்ணை, அது அங்கயே நிக்கட்டும்" என்றா. வாங்க வருபவர்களுக்குப் பழுதை மறைக்கிறா என்று எனக்குக் கோபம் வந்தது. நான் மறைத்தது அந்த நேரம் ஞாபகத்துக்கு வரவில்லை. "என்ர தங்கச்சி படுக்கப்போற அறை டீச்சர்" என்றேன்.

அவா வந்து அலுமாரியின் மற்றப் பக்கத்தைப் பிடித்தா. இரண்டு பேருமாக இழுத்தோம். பின்னால், ஆள் உயரத்துக்குக் கறுத்துப்போய், பூச்சு ஊதிப் பெருத்திருந்தது. குற்றியால் தட்டினேன். வெறும் டப்பாச் சத்தம், என் காதுக்கே கேட்டது. உளியை வைத்ததும் பலகையாகக் கழன்று விழுந்தது. உள்ளே கல்லிடைச் சாந்து நனைந்த கோதுமை மா.

டீச்சர் சொன்னா: "ஏழு வருசமா இப்பிடித்தான் அண்ணை. நீங்கள் வாற நேரமெல்லாம் அந்தச் சுவரைத்தான் தடவிப் பார்த்தனீங்கள். எனக்குச் சொல்ல மனம் வரேல்லை. அதுதான் அலுமாரிய இழுத்து வைச்சன். வாங்குற ஆக்களுக்குச் சொல்லத்தான் இருந்தனான். உங்களுக்கு முன்னால வைச்சுச் சொல்ல விரும்பேல்லை."

நான் அந்த அறையின் நிலத்தில் இருந்துவிட்டேன்.

மற்ற மூன்று சுவரும் இந்த அளவுக்கு இல்லை, ஆனால் அவையும் அதே வழியில்தான் போகின்றன. டீச்சரிடம் கேட்டு, அடுத்த நாளே சீமெந்தை உரிக்கத் தொடங்கினேன். நீ வாங்கினாலும் வாங்காவிட்டாலும் உரிப்பேன். இரண்டு சுவர் முடிந்தது. கல்லுக்குப் பழுதில்லை. முழுவதும் உரித்து, கச்சான் காற்றில் காயவிட்டு, பிறகு சுண்ணாம்பு பூசவேண்டும். நாலு மாதமாவது வேண்டும். அதுவரை ஜொஹறா அந்த அறையில் படுக்கக்கூடாது. இழுப்புக்காரர் படுத்தால் என்ன ஆகும் என்று உனக்குச் சொல்லத் தேவையில்லை.

நீ கேட்ட வரி இதுதான்: ஜொஹறா இந்த அறையில் படுக்கக்கூடாது.

ஏன் முதலில் எழுதவில்லை என்று என்னிடம் கேட்காதே. வீட்டை விட்டுவிடுவதென்றால் விட்டுவிடு. நான் டீச்சருக்குச் சொல்கிறேன்.

பெருநாளுக்கு இந்தமுறை நான் வரவில்லை. வேலை இருக்கிறது.

மஸாஹிர்


புத்தளம்
12.04.2024

காக்காவுக்குத் தங்கச்சி ஜொஹறா எழுதிக்கொள்வது,

அஸ்ஸலாமு அலைக்கும். என் எழுத்துக் கோணல்தான், இருந்தாலும் பஸ்னாவை எழுதவிடவில்லை. நேற்றுப் பெருநாள். நீங்கள் இல்லாமல் வட்டிலப்பம் அப்படியே இருந்தது. பஸ்னா பக்கத்து வீடுகளுக்குக் கொடுத்தாள். எனக்குச் சுகம். பொய்யில்லை, நோன்பு முப்பதும் பிடித்தேன்.

கடிதம் வந்த அன்று பஸ்னா அதை வாசித்துவிட்டுக் குசினிக்குள் போய் நின்றுவிட்டாள். கோபம் என்று நினைத்துக்கொண்டு போனேன். "மாமாட எழுத்தில ஒரு கூட்டலும் இல்லையே உம்மா" என்றாள். அதற்குத்தான் அழுதிருக்கிறாள். ஏன் மாமா முதல் சொல்லவில்லை என்று என்னிடம் கேட்டாள். எனக்குத் தெரியும். அவளிடம் சொல்லவில்லை.

அந்தச் சுவருக்கும் எனக்கும் ஒரே மூச்சு வருத்தம் போல. பரவாயில்லை, இரண்டு பேரும் ஒரே இடத்தில் இருந்து மூச்சு வாங்கலாம்.

வீட்டை வாங்குகிறோம். பஸ்னா நேற்று டீச்சரோடு கதைத்து முடித்துவிட்டாள். பழுது எங்கே இருக்கிறது என்று நீங்கள் காட்டித் தந்துவிட்டீர்கள், அதைத் திருத்துகிற ஆளும் நீங்கள்தான். வேறு என்ன வேண்டும்? டீச்சர் ஒன்று கேட்டாவாம், அலுமாரியைத் தான் கொண்டுபோகவில்லை, அங்கேயே வைத்துக்கொள்ளச் சொல்லி. ஆனால் அதை இனிச் சுவரில் ஒட்டி வைக்கவேண்டாமாம்.

மே மாதம் ஐந்தாம் திகதி நாங்கள் வருகிறோம். சுவர் காயும் வரைக்கும் உங்கள் வீட்டில்தான் இருப்போம். வேண்டாம் என்று சொல்லவேண்டாம். பதின்மூன்று வருடமாக உங்கள் அரண்மனையைப்பற்றிக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஒவ்வொரு பெருநாளுக்கும் நீங்கள்தான் இங்கே வந்தீர்கள், ஒருநாளும் எங்களை அங்கே வா என்று கூப்பிட்டதில்லை. நானும் கேட்டதில்லை. என் பிழை.

அந்த வீட்டையும் தட்டிப் பார்த்து ஒரு அறிக்கை எழுதி அனுப்புங்கள். ஒன்றும் கூட்டாமல்.

உங்கள் தங்கச்சி
ஜொஹறா


தண்ணீரூற்று
22.04.2024

அன்புத் தங்கச்சி ஜொஹறாவுக்கு,

வஅலைக்கும் ஸலாம். நான் சுகம். நீ நோன்பு முப்பதும் பிடித்ததைக் கேட்டுச் சந்தோஷம்.

கிழக்கு அறை முழுவதும் உரித்து முடிந்தது. யன்னல் இரண்டையும் திறந்து விட்டிருக்கிறேன். காலையில் போய்க் கல்லில் உள்ளங்கையை வைத்துப் பார்க்கிறேன். குளிர் குறைந்துகொண்டு வருகிறது.

நீ கேட்ட அறிக்கை.

வீடு, வீட்டுத் திட்டத்தில் கட்டித் தந்தது. அறை இரண்டு, ஒரு சின்ன விறாந்தை, குசினி. அத்திவாரம் சரி. கூரை ஒழுகாது, இரண்டு தகடு மாற்றினேன். வெளிச்சுவர் பூசியிருக்கிறது. உள்ளே என் அறை பூசவில்லை, கல்லாகத்தான் இருக்கிறது. பூசிப் பார்க்க ஆளில்லை என்று விட்டுவிட்டேன். மற்ற அறையை என் பெண்சாதி, உன் மதினிக்காகப் பூசத் தொடங்கினேன். அவா மௌத்தாகி அடக்கம் செய்ததோடு அது பாதியில் நின்றது. பாதிவரை பூச்சு, அதற்கு மேல் கல். ஏணியும் அப்படியே அதே இடத்தில் நின்றது. போன கிழமை ஏணியை எடுத்துவிட்டு மிச்சப் பாதியையும் பூசினேன். காய்ந்துவிட்டது. இது சீமெந்துக் கல் சுவர், இதற்குச் சீமெந்து பூசலாம், பயப்படாதே. உன் கட்டில் அங்கே.

கிணறு நல்லது. யன்னல் ஒன்றுக்குக் கண்ணாடி இல்லாமல் மட்டையால் மறைத்திருந்தது, கண்ணாடி போட்டாயிற்று. சோற்றுப் பீங்கான் ஒன்று. கோப்பை ஒன்று, பிடி உடைந்தது. பின்னேரத் தேநீருக்கு வருபவர்களைப்பற்றி பஸ்னா கேட்டிருந்தாள். அந்தக் கணக்கைப் பத்தால் பிரித்தாலும் சரிவராது என்று சொல்லு. யாரும் வருவதில்லை. சில நாளைக்கு ஒரு பூனை வரும். அதுவும் தேநீருக்கு இல்லை.

உட்காரக் கதிரை ஒன்று.

இவ்வளவும் நேற்று எழுதியது. இன்று கடிதத்தை மூடமுதல் அஸ்வர் கடைக்குப் போய் இரண்டு கதிரை எடுத்தேன். சைக்கிளின் பின்னால் ஒன்றுக்கு மேல் ஒன்றாகக் கட்டிக்கொண்டு வந்தேன். "ஆர் காக்கா வருகினம்?" என்று அஸ்வர் கேட்டார். இரண்டு தரம் கேட்டார். முதல் தரமே எனக்குக் கேட்டது. இன்னொருக்கால் கேட்கட்டும் என்று நின்றேன்.

மூன்று கதிரையையும் முற்றத்தில் போட்டு, ஒவ்வொன்றிலும் மாறி மாறி இருந்து பார்த்தேன். மூன்றும் தாங்கும்.

காக்கா